மரக்குதிரையும் மாணவரும்



வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவோர் முடிமன்னர்களும் படைத்தலைவர்களுமே. பள்ளிக்கூடத்துச் சாமான் அறையின் மூலையில், தூசி படிந்து, தோல் வெடித்து நிற்கும் ஒரு பொருளுக்கும் வரலாறு உண்டு என்றால் உங்களுள் சிலர் நகைக்கவும் கூடும். ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அத்தகைய ஒரு பொருளைப் பற்றியே. அதற்கு நான்கு கால்கள் உண்டு. தோல் போர்த்திய முதுகு உண்டு. தலையும் வாலும் இல்லை. மரக்குதிரை என்று அதனை அழைக்கிறோம். ஓடிவந்து, துள்ளு பலகையை இரு கால்களாலும் உதைத்தெழுந்து, கைகளைக் குதிரையின் முதுகில் ஊன்றி, அப்பால் தாவி இறங்குவதே கையூன்றித் தாண்டுதல் என்னும் பயிற்சியாகும்.

இந்தக் குதிரையோடு எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தேகப்பயிற்சி ஆசிரியர் படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். நேர்மையானவர், மாணவரிடம் அன்புடையவர், ஆனால் தாம் படையில் கற்றதைக் கற்ற முறையிலேயே கற்பித்தவர். ஒருநாள் மாலை, சாமான் அறையிலிருந்து மரக்குதிரை வெளியே வந்தது. நாற்பது பேரும் ஒரே வரிசையில் நின்றோம். நெடியவனுக்கும் குறியவனுக்கும் ஒரே குதிரை, ஒரே உயரம். குதிரைக்கு அப்பால் தேங்காய் நார்ப் பாய் ஒன்று விரிக்கப்பட்டிருந்தது. அது மெத்தை அன்று. மெத்தையின் பெயரைத் தாங்கிய பாய்.

என் பக்கத்து இருக்கைத் தோழன் வகுப்பிலேயே உருவில் சிறியவன். அவன் முறை வந்தது. ஓடினான், குதிரையின் முன்னே நின்றுவிட்டான். மீண்டும் ஓடினான்; மீண்டும் நின்றுவிட்டான். வரிசையில் நின்ற நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். “பயப்படாதே, ஓடுடா!” என்றார் ஆசிரியர். மூன்றாம் முறை அவன் கண்களை மூடிக்கொண்டு ஓடினான். கை ஊன்றிற்று, கால் தட்டிற்று, தலை முன்னே செல்ல, மறுபுறம் விழுந்தான். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எலும்பு ஆறு வாரத்தில் கூடிற்று. ஆனால் அதன்பின் விளையாட்டு நேரம் வந்தபோதெல்லாம் அவன் வேப்பமர நிழலில் தனியே உட்கார்ந்திருப்பதையே கண்டேன். பள்ளிப் படிப்பு முடியும்வரை அவன் ஓடவும் இல்லை, தாண்டவும் இல்லை.

இதில் எனக்கு விளங்காத செய்தி ஒன்று இருந்தது. எங்கள் தெருவில் பச்சைக்குதிரை ஆட்டத்தில் அவனை வெல்ல ஆள் இல்லை. தன்னைவிடப் பெரிய பையன்களின் முதுகில் கையூன்றி, காற்றைப் போல் தாண்டிச் செல்வான். குனிந்து நிற்கும் தோழனைத் தாண்டத் தெரிந்தவனுக்கு, நின்றுகொண்டிருக்கும் மரத்தைத் தாண்டத் தெரியாமற் போனது ஏன்? குற்றம் அவனுடையதா, குதிரையினுடையதா? இந்த வினா பல ஆண்டுகள் என் உள்ளத்தில் கிடந்தது. பின்னர் வரலாறு பயின்று, வரலாற்று ஆசிரியனாகவும் ஆனபோது, மரக்குதிரை வந்த வழியைப் பின்னோக்கித் தேடிச் சென்றேன். அந்த வழியே உங்களையும் சற்று அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

மரக்குதிரை பள்ளிக்கூடத்தில் பிறந்ததன்று, பாசறையில் பிறந்தது. ரோமப் பேரரசின் பிற்காலத்தில் வாழ்ந்த வெஜீஷியஸ் என்பவர் போர்க்கலை பற்றி ஒரு நூல் எழுதினார். அதில், புதிதாகப் படையில் சேர்ந்தவர்கள் மரத்தாற் செய்த குதிரைகளின்மீது தாவி ஏறப் பழக்கப்பட்ட செய்தி கூறப்படுகிறது. குளிர்காலத்தில் கூரையின் கீழும், கோடையில் திறந்த வெளியிலும் அக்குதிரைகள் நிறுத்தப்பட்டன. வீரர்கள் முதலில் ஆயுதமின்றி ஏறிப் பழகினர். பின்னர் ஆயுதம் தாங்கி ஏறினர். வலப்புறமும் இடப்புறமும் ஏறவும் இறங்கவும் கற்றனர். உருவிய வாளோடும் ஈட்டியோடும் ஏறும் திறமும் பெற்றனர்.

இவ்வளவு பாடு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ரோமர்களுக்கு அங்கவடி தெரியாது. குதிரைச் சேணத்தின் இருபுறமும் தொங்கி, ஏறுபவனின் பாதத்தைத் தாங்கும் வளையமே அங்கவடி. அது இல்லாத காலத்தில் குதிரைமேல் ஏற விரும்பியவன் தன் கால்களின் வலிமையாலும் கைகளின் ஊன்றுதலாலும் தாவித்தான் ஏற வேண்டும். களத்தில் தாவத் தெரியாதவன் உயிர் பிழைப்பது அரிது. ஆகவே உயிருள்ள குதிரையிடம் செல்லுமுன் உயிரற்ற குதிரையிடம் பாடம் கேட்டனர்.

ஒன்றைக் கவனியுங்கள். ரோமர்களும் பயிற்சியைப் படிப்படியாகவே அமைத்தனர். ஆயுதமில்லாமல் தொடங்கி ஆயுதத்தோடு முடித்தனர். ஆனால் குதிரையின் உயரத்தை அவர்கள் குறைக்கவில்லை. குறைக்க வேண்டிய தேவையும் இல்லை. போர்க்களத்துக் குதிரை யாருக்காகவும் குனியாது. ஏறுபவனும் வளர்ந்த ஆண்மகன். குதிரைக்கு மனிதனைப் பொருத்துவதே அங்கு நோக்கம். இந்த ஒரு குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்கு வேண்டியிருக்கும்.

அங்கவடி வந்த பிறகும் மரக்குதிரை மறையவில்லை. ஐரோப்பாவின் உயர்குடி இளைஞர்கள் குதிரையேற்றத்தின் ஒரு பகுதியாக மரக்குதிரைமேல் தாவும் வித்தையைக் கற்றனர். வேறொரு பக்கம், கழைக்கூத்தர் போன்ற கலைஞர்கள் தாவுதலையும் கரணம் போடுதலையும் வளர்த்து வந்தனர். பிரெஞ்சு அரசவையில் இருந்த தூக்காரோ என்னும் இத்தாலியர் 1599-ஆம் ஆண்டில் இக்கலையைப் பற்றி ஒரு நூலையே வெளியிட்டார். இவற்றிலெல்லாம் சிறுவர்க்கு இடம் இல்லை. ஆனால் சிறுவர்கள் யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்கவில்லை. பீட்டர் புரூகல் என்னும் ஓவியர் 1560-ஆம் ஆண்டில் சிறுவர் விளையாட்டுகளைத் தீட்டிய புகழ்பெற்ற படத்தில், குனிந்து நிற்கும் தோழர்களைத் தாண்டிச் செல்லும் பிள்ளைகளைக் காணலாம். நம் பச்சைக்குதிரைதான் அது! அரண்மனைக்குள் மரக்குதிரை, தெருவில் பச்சைக்குதிரை. இரண்டும் நெடுங்காலம் ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்தன.

இவ்விரண்டையும் ஒரு கூரையின் கீழ்க் கொண்டுவரும் முயற்சி பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மன் நாட்டில் தொடங்கிற்று. 1774-இல் டெஸ்ஸாவ் நகரில் பாசெடோ என்னும் அறிஞர் ஒரு புதுமைப் பள்ளியைத் திறந்தார். உடலை மறந்து உள்ளத்தை மட்டும் வளர்ப்பது கல்வியாகாது என்பது அவர் கொள்கை. அதைப் பின்பற்றி, 1784-இல் சால்ஸ்மன் என்பவர் துரிங்கியா நாட்டில் ஷ்னெப்ஃபென்தால் என்னும் சிற்றூரில் ஒரு பள்ளியை நிறுவினார். அடுத்த ஆண்டு அப்பள்ளிக்கு ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் குட்ஸ்மூத்ஸ். தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் அங்கேயே கழித்தார்.

குட்ஸ்மூத்ஸ் 1793-ஆம் ஆண்டில் ‘இளைஞர்க்கான உடற்பயிற்சி’ என்னும் நூலை வெளியிட்டார். பள்ளி உடற்பயிற்சிக்கு அடிப்படையிட்ட நூல் என்று அதனைப் போற்றுவர். ஓடுதல், தாண்டுதல், ஏறுதல், எறிதல், நீந்துதல் ஆகியவற்றை அவர் முறையாக வகுத்தார். அவரிடம் நான் கண்டு வியந்தது இன்னொன்று. தம் மாணவர் ஒவ்வொருவரும் எவ்வளவு தாண்டினர், எவ்வளவு முன்னேறினர் என்பதை அவர் அளந்து குறித்து வைத்தார். இது சிறு செயலாகத் தோன்றலாம். ஆனால் ‘வகுப்பு’ என்ற கூட்டத்தை மட்டும் பாராமல் ‘இந்தப் பையன்’ என்று ஒருவனைப் பார்ப்பதற்கு இதுவே முதற்படி. நேற்று அவன் தாண்டிய உயரம் தெரிந்தால்தான், இன்று அவனுக்கு எந்த உயரம் தகும் என்பது தெரியும்.

அடுத்து வந்தவர் ஃபிரீட்ரிக் லூட்விக் யான். தமிழில் ‘யான்’ என்றால் ‘நான்’ அல்லவா? அவர் பெயரைச் சொல்லும்போது என்னையே சொல்லிக்கொள்வதாக எண்ணிவிடாதீர்கள்! 1811-ஆம் ஆண்டில் பெர்லின் நகருக்கு வெளியே ஹாசன்ஹைட என்ற இடத்தில் அவர் ஒரு திறந்தவெளிப் பயிற்சிக் களத்தை அமைத்தார். அக்காலத்தில் பிரஷ்ய நாடு நெப்போலியனிடம் தோற்றுத் தலைகுனிந்து கிடந்தது. நாட்டை மீட்க வலிய இளைஞர் வேண்டும் என்ற வேட்கையே யானின் களத்தில் கனன்றது. 1816-இல் ஐசலன் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய நூலில் மரக்குதிரைப் பயிற்சிக்கும் இடம் உண்டு. நெப்போலியன் வீழ்ந்த பின்னர், விடுதலை பேசும் இளைஞர் கூட்டத்தைக் கண்டு அரசே அஞ்சிற்று. 1819-இல் யான் சிறை செய்யப்பட்டார். 1820 முதல் 1842 வரை பிரஷ்யாவில் அவருடைய பயிற்சி முறை தடை செய்யப்பட்டிருந்தது.

தடை நீங்கியபின் உடற்பயிற்சி பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்தது. அதனோடு மரக்குதிரையும் நுழைந்தது. குதிரையின் நீண்ட உடல் சிறுவர்க்குத் தடையாயிருக்கவே, குறுகிய உடலுடைய ஒரு கருவியும் வழக்கில் வந்தது. ஜெர்மானியர் அதற்கு இட்ட பெயர் ‘ஆட்டுக்கடா’ என்று பொருள்படும். குதிரை ஆடாயிற்று! நகைப்பதற்குரிய பெயர் மாற்றம் போல் தோன்றினும், குழந்தையின் உடலை நோக்கிக் கருவி ஓரடி நெருங்கி வந்ததை அது காட்டுகிறது.

ஆனால் உண்மையான மாற்றம் வடக்கே, ஸ்வீடன் நாட்டில் நிகழ்ந்தது. ஸ்டாக்ஹோம் நகரில் 1813-ஆம் ஆண்டில் பேர் ஹென்ரிக் லிங் என்பவர் அரசினர் உடற்பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். அவர் கவிஞர்; வாட்போர் ஆசிரியரும் கூட. உடற்பயிற்சி மனித உடலின் அமைப்பை ஒட்டியே அமைய வேண்டும் என்பது அவர் கருத்து. அவருடைய மகன் யால்மர் லிங் அக்கருத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றவாறு வகைப்படுத்தினார். எளிய அசைவிலிருந்து அரிய அசைவுக்கு ஏறும் வகையில் ஒவ்வொரு நாளுக்கும் பயிற்சி வரிசை எழுதப்பட்டது. அவ்வரிசையில் தாண்டுதல் முதலில் வரவில்லை. உடல் நன்கு சூடேறி, மூட்டுகள் இளகிய பின்னர், பாடத்தின் இறுதிப் பகுதியை ஒட்டியே வந்தது. அதன்பின் மெல்லிய அசைவுகளோடும் மூச்சுப் பயிற்சியோடும் பாடம் முடிந்தது.

ஸ்வீடன் முறைப் பயிற்சிக்கூடத்தில் ஒரு பெட்டி உண்டு. கீழே அகன்றும் மேலே குறுகியும் இருக்கும். அது ஒரே பெட்டியன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மரச் சட்டங்களின் தொகுதி. மேல் அடுக்குக்கு மட்டும் தோல் போர்த்தியிருக்கும். நடுவிலுள்ள அடுக்குகளை எடுத்துவிட்டால் பெட்டி தாழும்; சேர்த்தால் உயரும். அடி அகன்றிருப்பதால் எளிதிற் சாயாது. கால்கள் இல்லாமையால் குழந்தையின் கால் இடையே சிக்கிக்கொள்ளும் அச்சமும் இல்லை.

நண்பர்களே, என் வழக்குக்கு உரிய தீர்ப்பை நான் இந்தப் பெட்டியிலேதான் கண்டேன். ரோமப் பாசறையில் குதிரைக்கு மனிதனைப் பொருத்தினர். இங்கே மனிதனுக்கு, அதிலும் மனிதக் குழந்தைக்கு, குதிரையைப் பொருத்தினர். தலைகீழாகத் திரும்பிய இந்த எண்ணமே பள்ளித் தாண்டுதலின் வரலாற்றில் தலையாய நிகழ்ச்சி என்பேன். எந்த ஊர்வலமும் இல்லாமல், எந்த முரசும் கொட்டாமல் அது நிகழ்ந்தது.

எங்கள் தெருப் பச்சைக்குதிரையை அப்போது நினைத்துக்கொண்டேன். அங்கே குனிபவன் முதலில் கால் விரலைத் தொட்டுக் குனிவான். எல்லோரும் தாண்டிய பிறகு கணுக்காலைப் பிடிப்பான். பிறகு முழங்காலைப் பிடிப்பான். அவன் முதுகு ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிது சிறிதாக உயரும். இதுவும் ஓர் அடுக்குப் பெட்டியே! உயிருள்ள அடுக்குப் பெட்டி. படிப்படியாக உயரும் அந்த முதுகு என் தோழனுக்குத் தாண்டக் கற்பித்தது. ஒரே உயரத்தில் நின்ற மரக்குதிரை அவனுக்கு அஞ்சக் கற்பித்தது. நம் பிள்ளைகள் விளையாட்டாகவே அறிந்து வைத்திருந்த ஓர் உண்மையை எங்கள் பள்ளி அறியவில்லை. பாசறையின் பழக்கத்தை மட்டும் அறிந்திருந்தது.

பாசறைப் பழக்கம் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு எவ்வாறு வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1860-ஆம் ஆண்டில் பன்னிரண்டு படைவீரர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் மக்லாரன் என்பவரிடம் உடற்பயிற்சி கற்கச் சென்றனர். ஆங்கிலேயப் படையின் உடற்பயிற்சி முறை அவர்களிடமிருந்து கிளைத்தது. படையிலிருந்து ஓய்வு பெற்றோர் பலர் பள்ளிகளில் ‘டிரில் மாஸ்டர்’ ஆயினர். அணிவகுப்பும் ஆணையும் அவர்களோடு வந்தன. அவர்களை நான் குறை கூறவில்லை. தாம் அறிந்ததைத் தந்தனர். ஆனால் அவர்கள் அறிந்தது வளர்ந்த வீரனின் உடலை. எட்டு வயதுக் குழந்தையின் உடலை அன்று.

இதற்கு மாறான வழியும் அதே இங்கிலாந்தில் திறந்தது. ஸ்டாக்ஹோமில் பயின்ற மார்ட்டினா பெர்க்மன் ஆஸ்டர்பெர்க் என்னும் அம்மையார் 1881-இல் லண்டன் பள்ளிக் கழகத்தில் பொறுப்பேற்று, சிறுமியர் பள்ளிகளில் ஸ்வீடன் முறையைப் பரப்பினார். 1885-இல் பெண் ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரியையும் தொடங்கினார். அது 1895-இல் டார்ட்ஃபோர்டுக்கு மாறிற்று. கணுக்கால்வரை தொங்கும் பாவாடையோடு பெட்டியைத் தாண்டுவது எவ்வளவு இடர்! முழங்காலளவு நின்ற தளர்ந்த மேலங்கியை அவருடைய கல்லூரி மாணவியர் பயிற்சிக்கு அணியலாயினர். பெண் குழந்தைகளாலும் தாண்ட முடியும் என்று சொல்வது எளிது; அதற்கு உரிய உடையைத் தருவதே செயல்.

நம் சென்னையில் 1920-ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். உடற்பயிற்சி ஆசிரியர்க்கும், மற்றப் பாட ஆசிரியரைப் போலவே, முறையான கல்வி வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டில் வேரூன்ற அக்கல்லூரி பெருந்துணை புரிந்தது. ‘டிரில் மாஸ்டர்’ என்ற பெயர் மெல்ல மறைந்து, ‘உடற்கல்வி ஆசிரியர்’ என்ற பெயர் நிலைபெற்றது. பெயரோடு கருத்தும் மாறிற்று. ஆணையிடுபவர் கல்வி புகட்டுபவர் ஆனார்.

அத்தகைய ஆசிரியை ஒருவரின் பாடத்தை நான் ஒருநாள் முழுவதும் உடனிருந்து கண்டேன். நான் வரலாறு கற்பித்த பள்ளியில் அவர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாண்டக் கற்பித்தார். அவர் செய்ததைச் சொல்லுகிறேன். நான் மேலே கூறிய நூற்றைம்பது, இருநூறு ஆண்டு அனுபவம் முழுவதும் அதில் அடங்கியிருந்தது.

அவர் முதலில் பெட்டியைக் கொண்டுவரவே இல்லை. முதற்பாடம் தரையிறங்குதல். தாழ்ந்த பலகையிலிருந்து பிள்ளைகள் மெத்தையில் குதித்தனர். “பூனை எப்படி இறங்கும்? சத்தம் கேட்கக் கூடாது” என்றார். இரு பாதங்களும் சிறிது விலகி ஒருங்கே தரையைத் தொட வேண்டும். முழங்கால்கள் மடிந்து கொடுக்க வேண்டும். முழங்கால்கள் உள்நோக்கிச் சாயக் கூடாது. கண்கள் நேரே பார்க்க வேண்டும். இதன் காரணம் உங்கள் பௌதிகப் பாடத்திலேயே இருக்கிறது. அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல், கால்கள் விறைத்து நின்றமையால் 5 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிறுத்தப்பட்டால், அந்த வேகத்தை அடக்க உடல் எடையைப்போல் 10 மடங்கு விசை எலும்புகளைத் தாக்கும். முழங்கால்களை மடக்கி அந்தத் தூரத்தை 25 சென்டிமீட்டர் ஆக்கினால் அவ்விசை 2 மடங்காகக் குறைந்துவிடும். குழந்தை அதே குழந்தை. உயரம் அதே உயரம். மடிந்த முழங்கால் ஒன்றுதான் வேறுபாடு.

இரண்டாம் பாடம் கைகளுக்கு. பிள்ளைகள் முயலைப் போல் கைகளைத் தரையில் ஊன்றிக் கால்களைத் துள்ளவிட்டனர். விரல்களை விரித்து, உள்ளங்கை முழுதும் பதித்து, முழங்கைகளை நிமிர்த்தி, தோளால் எடை தாங்கப் பழகினர். மூன்றாம் பாடம் பலகைக்கு. ஒற்றைக் காலில் ஓடிவந்து இரட்டைக் காலால் உதைப்பது சிறுவர்க்கு எளிதில் வராது. ஆகவே ஓட்டத்தைச் சில அடிகளாகக் குறைத்து அதைமட்டும் பலமுறை பழக்கினார்.

அதன்பிறகே பெட்டி வந்தது. அதுவும் இரண்டே அடுக்கு. தாண்டவும் சொல்லவில்லை. கையூன்றி மேலே ஏறிக் குந்துங்கள், எழுந்து நில்லுங்கள், அப்பால் மெல்லக் குதியுங்கள் என்றார். எல்லோரும் முன்பே கற்ற பூனையைப் போல் இறங்கினர். கடைசிப் பாடம் முதலில் கற்கப்பட்டுவிட்டமையால் முடிவைப் பற்றிய அச்சம் யாருக்கும் இல்லை. எங்கள் பள்ளியில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஓடக் கற்றோம், இறங்கக் கற்கவில்லை.

ஆசிரியை எங்கே நின்றார் என்பதைக் கவனித்தேன். ஓடிவரும் பாதையில் நின்று ஊதுகுழல் ஊதவில்லை. இறங்கும் பக்கத்தில், பெட்டியை ஒட்டி, மேற்கையைப் பற்றுவதற்கு ஆயத்தமாக நின்றார். கால்களை அகற்றித் தாண்டும் பயிற்சியின்போது குழந்தைக்கு நேர் எதிரே நின்று, இரு மேற்கைகளையும் பற்றி, தாமும் பின்னோக்கி அடியெடுத்து வைத்தார். தாண்டும் குழந்தை முன்னோக்கித் தலைகுப்புற விழக்கூடும் என்பதை அறிந்தே அவ்வாறு நின்றார். மெத்தைகளுக்கு இடையே சந்து விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒரு குழந்தை மெத்தையை விட்டு அகன்ற பின்னரே அடுத்த குழந்தைக்குக் கை காட்டினார்.

ஒரு சிறுமி பெட்டியின் முன் வந்து நின்றுவிட்டாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது. ஆசிரியை திரும்பிப் பார்த்தார், சிரிப்பு அடங்கிற்று. அவர் அச்சிறுமியைக் கடிந்துகொள்ளவில்லை. “மறுபடி ஓடு” என்றும் சொல்லவில்லை. பெட்டியிலிருந்து ஓர் அடுக்கை எடுத்து அப்பால் வைத்தார். “இப்போது வாம்மா” என்றார். அவள் வந்தாள், ஏறினாள், குதித்தாள். சில வாரங்களுக்குப் பிறகு அந்த அடுக்கைத் தானே தூக்கிக்கொண்டு வந்து மீண்டும் வைத்தவளும் அவளே. நின்றுவிட்ட குழந்தை கோழையன்று. ‘இந்த உயரம் எனக்கு இன்னும் ஆகவில்லை’ என்று தன் உடலைக் கேட்டுச் சொல்லும் குழந்தை. அந்தச் சொல்லைக் கேட்கும் செவி ஆசிரியர்க்கு வேண்டும்.

இவையெல்லாம் சிறுவர்க்கான எச்சரிக்கைகள், பெரிய வீரர்களுக்கு வேண்டியதில்லை என்று நினைக்காதீர்கள். 1896-இல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக் போட்டியிலேயே மரக்குதிரை தாண்டுதல் இடம் பெற்றது. ஜெர்மனியின் கார்ல் ஷூமன் வென்றார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் ஆடவர் நீளவாக்கிலும் மகளிர் குறுக்குவாக்கிலும் அக்குதிரையைத் தாண்டினர். வித்தைகள் கடினமாகிக்கொண்டே சென்றன. கருவியோ பெரிதும் மாறவில்லை. 1988-இல் ஜப்பானில் ஒரு போட்டிக்கான பயிற்சியின்போது, அமெரிக்காவைச் சேர்ந்த 15 வயது ஜூலிசா கோமெஸ் என்னும் சிறுமியின் கால் துள்ளு பலகையில் வழுக்கிற்று. தலை குதிரையில் மோதிக் கழுத்து முறிந்தது. மூன்று ஆண்டுகள் துன்புற்று 1991-இல் அவர் மறைந்தார். அத்தகைய தாண்டுதலுக்குப் பலகையின் மூன்று புறமும் மெத்தை சூழ வேண்டும் என்ற விதி பின்னாளில் வந்தது.

2000-ஆம் ஆண்டில் சிட்னி ஒலிம்பிக்கில் நடந்ததும் நினைக்கத் தக்கது. மகளிர் இறுதிப் போட்டியில் சிறந்த வீராங்கனைகள் ஒருவர்பின் ஒருவராகத் தடுமாறினர், சிலர் விழுந்தனர். ஆஸ்திரேலியாவின் அலானா ஸ்லேட்டர் என்னும் இளம் வீராங்கனை, குதிரையின் உயரம் சரியில்லை என்று உணர்ந்து கூறினார். அளந்து பார்த்தபோது அது 5 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது! ஐந்தே சென்டிமீட்டர், நம் இரு விரல்களின் அகலத்தைவிடச் சிறிதே மிகுதி. உலகின் தலைசிறந்தோரையே அது தரையில் வீழ்த்திற்று. அடுத்த ஆண்டில், 2001-இல், பழைய குதிரைக்குப் பதிலாக அகன்ற பரப்பும் முன்புறம் வளைந்த சரிவும் உடைய தாண்டுமேசை உலகப் போட்டிகளில் புகுத்தப்பட்டது. கையூன்ற இடம் அகன்றது; ஆபத்து குறைந்தது. 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் திரிபுராவைச் சேர்ந்த தீபா கர்மாகர் நான்காம் இடம் பெற்று நம்மைப் பெருமிதம் கொள்ளச் செய்தது அந்த மேசையின்மீதுதான்.

இரண்டாயிரம் ஆண்டுப் பாதையை ஒரு சிறு பேச்சில் கடந்துவிட்டோம். பாசறையின் மரக்குதிரை, பள்ளியின் ஆட்டுக்கடாவாகி, அடுக்குப் பெட்டியாகி, அகன்ற மேசையாகி நிற்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் கருவி மனித உடலை நோக்கி ஓரடி இறங்கி வந்திருக்கிறது. ஆனால் அம்மாற்றங்களிற் சில ஒரு குழந்தையின் துன்பத்துக்குப் பிறகே வந்தன என்பதை மறத்தலாகாது.

இதைக் கேட்கும் உங்களுட் சிலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். பலர் பெற்றோர் ஆவீர்கள். தாண்டும் பெட்டி உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டும் இருப்பதன்று. கணக்கிலும் மொழியிலும் வாழ்க்கையிலும் ஒவ்வொரு குழந்தையின் முன்னும் ஒரு பெட்டி இருக்கிறது. அதன் முன்னே ஒரு பிள்ளை வந்து நின்றுவிட்டால், சிரிப்பவர் கூட்டத்தில் நீங்கள் சேராதீர்கள். ஓர் அடுக்கை எடுத்து அப்பால் வையுங்கள்.

என் தோழனைச் சில ஆண்டுகளுக்கு முன் சந்தித்தேன். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. பழைய நிகழ்ச்சியைச் சொல்லி, அன்று சிரித்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். அவன் தன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு, “அதை விடு. என் பேரன் இப்போது பள்ளியில் மூன்று அடுக்குத் தாண்டுகிறான், தெரியுமா?” என்றான். அவன் முகத்தில் அப்போது கண்ட மலர்ச்சியை, பச்சைக்குதிரை தாண்டிய அந்த நாட்களுக்குப் பிறகு நான் கண்டதில்லை.